கேள்விதானே கேட்டேன்

"தலைப்புக்கு மட்டும் சரின்னு சொல்லிடுங்கம்மா, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று பத்திரிகை ஆசிரியர் நாளைய பக்கத்தின் நகலை மகளின் கையில் திணித்தார். கூடத்தின் நடுவே சவப்பெட்டிக்குள் அப்பா கிடந்தார். விடியற்காலையில் போன உயிர். மதியம் மூன்று மணிக்குக் கல்லறைக்கு எடுப்பதாகப் பேச்சு.

தலைப்பு 'இனி யார் கேட்பார்?' என்றிருந்தது. அதன் கீழே, இவருக்கு ஈடு எவர், உறங்கும் அதிகாரத்தை உலுக்கப்போவது யார், நமக்கு வெட்கமில்லையா என்று வரிக்கு வரி கேள்வி. அவள் கடைசி வரி வரை படித்தாள். செத்தும் இந்த ஆள் ஓயவில்லை.

முப்பது வருடம் புதன்கிழமை தவறாமல் அப்பா எழுதினார். செய்தியாக எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும், கேள்வியாக எழுதினால் எவனும் வழக்குப் போட முடியாது என்று பத்திரிகையின் வக்கீல் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார். அதன் பிறகு அப்பா எதையும் சொன்னதே இல்லை, கேட்டதோடு சரி. வீட்டிலும் அதே கதைதான். பசிக்கிறது என்று வாய் வராது. "இந்த வீட்ல அடுப்புப் பத்த வைக்கிற வழக்கம் உண்டா?" என்பார். அம்மா இருந்தவரை அதற்கும் மதித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், பாவம்.

ஐந்து வருடத்துக்கு முன் பள்ளிக்கூடச் சுவர் இடிந்து இரண்டு பிள்ளைகள் செத்தன. கட்டட ஆய்வாளராக இருந்தது மகளின் கணவர். சுவரை இடித்துவிடச் சொல்லி அவர் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தார். அதை மூலையில் போட்டுவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது மேலதிகாரி. பக்கத்துத் தெருவில் இருந்த அப்பா மருமகனிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. 'ஆய்வாளர் சுவரைப் பார்த்தாரா? பார்த்தும் கண்ணை மூடிக்கொண்டாரா? மூடவைத்தது எது?' என்று எழுதிவிட்டார். சொந்த மருமகன் என்றும் பார்க்கவில்லையே என்று ஊரே மெச்சியது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் நடுத்தெருவில் அந்த மருமகன் முகத்தில் காறித் துப்பினாள்.

இரண்டு வருடம் கழித்து, ஆய்வாளர் மேல் தவறில்லை என்று விசாரணை சொன்னது. எந்தப் பத்திரிகையும் அதைப் போடவில்லை. அந்த வாரமே அவள் தீர்ப்பின் நகலை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் முழுவதும் படித்தார். "நான் எங்க குத்தம் சொன்னேன்? கேள்விதானே கேட்டேன்?" என்று மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

கணவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தீர்ப்பு விஷயத்தை இன்னும் சொல்லவில்லை, தெரிந்தால் கட்டாயம் எழுதுவார் என்று ஒரு பொய்யைப் போட்டு வைத்தாள். அப்பா படுக்கையில் விழுந்ததும் இருவரும் இந்த வீட்டுக்கே குடி வந்தார்கள். அந்தப் பொய்யை நம்பித்தான் கணவர் மாமனாரைக் குளிப்பாட்டினார், ஊட்டிவிட்டார், பீ மூத்திரம் அள்ளினார்.

நேற்றும் அவள் கேட்டுப் பார்த்தாள். இந்த வாரக் கட்டுரையை அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், "அவரைப் பத்தி ஒரே ஒரு வரி சொல்லுங்கப்பா, எழுதிக்கறேன்" என்றாள். "ஒரு வரியில ஊர் வாய் மூடிடுமா?" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

"அந்தக் கடைசிக் கட்டுரை உங்ககிட்ட இருக்கறதா சொன்னாங்க" என்று ஆசிரியர் மெல்ல இழுத்தார்.

"இருக்கு. முதல்ல இதைப் போடுங்க." நகலின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி நீட்டினாள்.

ஆசிரியர் இரண்டு முறை படித்தார். "உண்மைதாம்மா, யார் இல்லேன்னா? ஆனா அந்த மேலதிகாரி இன்னும் பதவியில இருக்காரு. வேணும்னா இப்படி வெச்சுக்கலாமா, 'அந்த ஆய்வாளர் உண்மையிலேயே குற்றவாளிதானா?' அப்பா எழுதின மாதிரியே இருக்கும்."

"அப்பா எழுதின மாதிரி இருக்கவே கூடாது. நான் எழுதினபடி வரணும். இல்லேன்னா நோட்டையும் அந்தப் பெட்டியில வெச்சு மூடிடுவேன்."

ஆசிரியர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சொன்னதைச் செய்துவிடுவாள் என்று பட்டிருக்க வேண்டும். போனை எடுத்து அலுவலகத்துக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். "எழுதிக்கோப்பா. 'பள்ளிச் சுவர் வழக்கில் என் கணவர் மேல் தவறில்லை என்று மூன்று வருடம் முன்பே விசாரணை சொல்லிவிட்டது. அப்பாவுக்கு அது தெரியும்.' ஆமா, தெரியும். கேள்வி இல்லப்பா, அப்படியேதான்."

வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது என்று சொல்ல வந்த கணவர் வாசற்படியில் நின்றிருந்தார். சந்து குறுகல், அதுவரை தோளில்தான் தூக்கிப் போக வேண்டும். ஷூ போட்டுத் தயாராக இருந்தார்.

"அவருக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

இப்ப எதுக்கு அதெல்லாம் என்று அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்பாவின் வாய் அப்படியே தனக்கும் வாய்த்திருக்கிறது என்று உறைத்ததும் அந்தக் கேள்வியை விழுங்கினாள்.

"தீர்ப்பு வந்த வாரமே தெரியும். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

ஆசிரியர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே நகர்ந்து போனார். கணவர் சுவரோரம் உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தார். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

பெட்டியை மூடினார்கள். தூக்க ஆட்கள் கூடினார்கள். "மாப்பிள்ளை எங்கம்மா? முன்பக்கம் ஒரு தோள் குறையுது" என்று சித்தப்பா குரல் கொடுத்தார்.

"அவர் வரமாட்டார், சித்தப்பா. வேற ஆளைப் பாருங்க."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பெட்டி சந்து முனை திரும்பிய பிறகும் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.