வரிக்குட்டிகளுக்கு அப்பன் யார்?

லோரீன் டாக்கெட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளை ஒரே முறைப்பில் உட்காரவைக்கத் தெரிந்தவளுக்கு, ஹார்லன் ப்ரூயிட் என்கிற ஒற்றை மனிதனை உட்காரவைக்க மட்டும் கடைசிவரை வித்தை பிடிபடவில்லை.

ஹார்லன் நீச்சல்குளம் பழுதுபார்க்கிறவர். பேக்கர்ஸ்ஃபீல்ட் என்கிற அமெரிக்க ஊரில் அவருக்கு அதைவிடப் பெரிய பெயர் பாம்பு வளர்ப்பில். மாதம் ஒரு ஞாயிறு, ஐரோப்பாவிலிருந்து வந்த பாஸ்க் இனத்தாரின் சாப்பாட்டுக்கடையின் பின்கூடத்தில் பாம்புச் சங்கம் கூடும். சூப்பும் பீன்ஸும் ஊறவைத்த மாட்டு நாக்கும் மேசைக்கு வரும். அவற்றுக்கு முன்னாலேயே ஹார்லனின் குரல் வந்துவிடும்.

சங்கத்தார் வளர்ப்பது கிங்ஸ்நேக். நம் ராஜநாகம் என்று நினைத்து யாரும் நாற்காலி மேல் ஏற வேண்டாம். இதற்கு விஷம் கிடையாது. மற்ற பாம்புகளைப் பிடித்து விழுங்குவதால் இந்தப் பட்டம். பசி வந்தால் கட்டிக்கொண்ட ஜோடியையும் விழுங்கும். அதனால் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முதலில் எலிப் பந்தி போட்டு வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் கல்யாணம். அப்போதும் வளர்த்த சம்பந்திகள் இருவரும் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் காவல் இருப்பார்கள்.

காட்டுக் கிங்ஸ்நேக் கறுப்பில் வெள்ளை வரி. அந்த ஊரில் கல்லைப் புரட்டினால் கிடைக்கும். சீண்ட ஆள் இல்லை. கறுப்புச் சாயமே உடம்பில் ஊறாத குட்டி எப்போதாவது பிறக்கும். மவுசு எல்லாம் அதற்குத்தான். அந்தக் குறை அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் தோலில் தெரியும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் குட்டி சாதா வரிக்குட்டியாகப் பிறந்து, குறையை உள்ளே ஒளித்து வைத்துக்கொள்ளும். அதைச் 'சுமக்கிற குட்டி' என்று சீட்டு எழுதி விற்பார்கள். சுமக்கிறதா, சும்மா இருக்கிறதா என்று குட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. விற்கிறவர் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சொல் கெட்டுப்போனால், ஓசியில் கொடுத்தாலும் அவர் பாம்பை யாரும் வாங்கமாட்டார்கள்.

ஹார்லனிடம் ட்யூக் என்றொரு ஆண் இருந்தது. உடம்பு மஞ்சளும் வெள்ளையும், கண் இளஞ்சிவப்பு. லோரீனின் பெண் பாம்பு பேர்ல் ஊதா நிறத்தாள். கண் மாதுளை முத்து போலக் கருஞ்சிவப்பு. இரண்டுக்கும் கறுப்பு இல்லை. ஆகவே இரண்டும் ஒரே குறைதான், ஜோடி சேர்த்தால் குட்டி அத்தனையும் தங்கக்கட்டி என்று ஹார்லன் தீர்ப்பு எழுதிவிட்டார். இன்டர்நெட்டைத் தட்டிச் சரிபார்க்கிற காலம் அல்ல அது.

"கண்ணைப் பாரு, ஹார்லன். ரெண்டும் ஒண்ணு மாதிரியா இருக்கு?" என்று லோரீன் கேட்கத்தான் செய்தாள்.

"மஞ்சள்தான் வெளுத்து ஊதாவாயிருக்கு. முப்பது வருஷமா குளத்துல குளோரின் கொட்டுறவன்கிட்ட சாயம் வெளுக்கறதைப் பத்திப் பாடம் எடுக்காதே."

கல்யாணம் நடந்தது. பேர்ல் முட்டையிட்டாள். கோடை முடிவில் முட்டைகள் கிழிந்து தலை நீட்டியவை எல்லாம் கறுப்பில் வெள்ளை வரி. ஒன்றுகூடப் பிசகவில்லை. கல்லைப் புரட்டினால் கிடைக்கிற அதே சாதா வரிக்குட்டிகள்.

அடுத்த ஞாயிறு ஹார்லன் நாக்கை மென்றுகொண்டே கூடத்தில் எழுந்தார். அவர் மென்றது மாட்டு நாக்கு; அசைந்தது சொந்த நாக்கு.

"இதுங்க மூஞ்சியில என் ட்யூக் ஜாடை துளி இருக்கா? பொம்பளைப் பாம்பு போன வருஷத்துச் சகவாசத்தை வயித்துல பத்திரமா வெச்சிருந்து இந்த வருஷம் குட்டி பொரிக்கும்னு உங்களுக்கெல்லாம் தெரியும். பேர்ல் சமர்த்து. மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் முடிச்சு வெச்சிருக்கா!"

கூடமே சிரித்தது. லோரீனுக்குக் காது மடல் சுட்டது.

"என் வீட்டுல ஒவ்வொரு பெட்டிக்கும் தாழ்ப்பாள் இருக்கு. உன் வாய்க்குத்தான் இல்லை."

அதற்கும் கூடம் சிரித்தது. ஆனால் ஊர் வீட்டுக்கு எடுத்துப்போனது ஹார்லனின் பேச்சைத்தான்.

இலையுதிர்காலக் கண்காட்சியில் லோரீனின் மேசைக்கு வந்தவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள், சீட்டைப் படித்தார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே வைத்தார்கள். டயர்க்கடை வெண்டல் மட்டும் வாய்விட்டே கேட்டான்: "லோரீன், இதுக்காவது அப்பன் பேரு உறுதியா?" அவள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்று அழுதாள்.

வெளியில் சொல்ல முடியாத சங்கடம் ஒன்றும் இருந்தது. அவள் வீட்டில் கல்லைப் புரட்டிப் பிடித்த சாதா வரி போட்ட ஆண் பாம்பு ஒன்று இருந்தது நிஜம். பேர்லின் பெட்டிக்கு இரண்டு தட்டு கீழே. தான் இரண்டையும் சேர்த்து வைத்ததில்லை என்று சத்தியம் செய்வாள். தாழ்ப்பாளை ஒருநாளும் மறக்கவில்லை என்று சத்தியம் செய்வாளா? ஊர் தன்னைப் பொய்க்காரி என்பதைக்கூடத் தாங்கலாம். தனக்கே தெரியாமல் பொய் சொல்லிவிட்டோமோ என்பதுதான் அவளைப் போட்டு அரித்தது.

யோசித்து யோசித்து ஒருநாள் சங்கச் செயலாளர் இக்னாசியோ பரேராவைப் பிடித்து உட்காரவைத்தாள். இக்னாசியோ பல் டாக்டர். ஊரார் வாயைத் திறந்து பார்த்துப் பழகியதால் தன் வாயை மூடி வைத்திருக்கத் தெரிந்தவர்.

"கேளு," என்றாள் லோரீன். "ஊதாவும் மஞ்சளும் வேற வேற குறைன்னு வெச்சுக்கோ. அப்போ இந்த வரிக்குட்டி ஒவ்வொண்ணும் அம்மாகிட்ட ஒரு மூட்டை, அப்பாகிட்ட இன்னொரு மூட்டைன்னு ரெண்டைச் சுமக்குது. ரெண்டும் ஒத்தை ஒத்தையா இருக்கறதால எதுவும் வெளியே தெரியலை. இப்போ அண்ணனையும் தங்கச்சியையும் ஜோடி சேர்த்தா..."

"ஐயையோ, அண்ணன் தங்கச்சியையா?"

"பாம்புக்கு ஏதுய்யா முறை? கேளு. பேரக்குட்டியில ஒண்ணே ஒண்ணு ட்யூக் கண்ணோட பொறந்தாப் போதும். என் வீட்டு வரிப்பாம்பு அப்பனா இருந்தா அந்தக் கண்ணு வர வழியே கிடையாது."

இக்னாசியோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "எனக்குக்கூட இதுல ஒரு..." என்று இழுத்துவிட்டு, பல் வலிக்காரர் ஒருவர் காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

குட்டிகள் வளர்ந்து பருவத்துக்கு வர மூன்று கோடை ஆனது. அதுவரை சம்பந்திகளுக்குள் பேச்சில்லை. மேசையில் நடுவில் இக்னாசியோ. இரு பக்கமும் இவர்கள்.

"இக்னாசியோ, அந்தம்மாவை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"இக்னாசியோ, அவருக்கு ரத்தக்கொதிப்பாமே, உப்பு எதுக்குன்னு கேளு."

பாவம், இக்னாசியோவின் சூப் மாதாமாதம் ஆறிப்போனது.

மூன்றாம் கோடையில் அந்த அண்ணன் தங்கை ஜோடியின் முட்டைகள் பொரியும் நாள் வந்தபோது, லோரீன் ஹார்லனுக்கு ஆள் அனுப்பினாள். வேறு எங்கோ மஞ்சள் குட்டி வாங்கிப் போட்டுவிட்டாள் என்று நாளைக்கு அவர் கூடத்தில் எழுந்து நிற்கக்கூடாதல்லவா? ஹார்லன் மடக்கு நாற்காலியோடு வந்து சேர்ந்தார். நடுவர்போல இக்னாசியோவும் வந்தார்.

முதல் முட்டையிலிருந்து வரிக்குட்டி. இரண்டாவதும் வரிக்குட்டி. ஹார்லன் புருவத்தைத் தூக்கினார். அது பேச்சைவிட மோசமாக இருந்தது. அப்புறம் ஒன்று ஊதா. இக்னாசியோ கையைத் தட்டினார்.

"தட்டாதே. அது பாட்டி ஜாடை. பாட்டி யாருன்னு இங்கே யாருக்கும் சந்தேகமில்லை," என்றார் ஹார்லன்.

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே லோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீண்டும் வரிக்குட்டி. மீண்டும் வரிக்குட்டி. தாழ்ப்பாளைப் போடாமல் விட்டது நான்தானோ என்று நினைத்தவள், காபி போடும் சாக்கில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். இத்தனை வருடம் எழுதிய சீட்டுகளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் பாம்பையே விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"லோரீன்," என்று ஹார்லன் கூப்பிட்டார். மூன்று வருடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இங்க வா."

ஓரத்து முட்டையில் கீறல் விழுந்திருந்தது. அதிலிருந்து நீட்டிய மூக்கு மஞ்சள். குட்டி தலையைத் திருப்பிய பக்கம் இளஞ்சிவப்புக் கண்.

லோரீன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தாழ்ப்பாள் போட்டுத்தான் வெச்சிருந்தேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஹார்லன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ட்யூக்தான். அவனேதான். அப்போ ஊதா வேற, மஞ்சள் வேற..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

இக்னாசியோவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஹார்லன், என்னோட ஊதாக்காரிக்கு உன்கிட்டதான் மஞ்சள் மாப்பிள்ளை வாங்கினேன். ஞாபகமிருக்கா? ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னே. குட்டி அத்தனையும் வரி. வெளியே சொன்னா லோரீனைச் சொன்ன மாதிரி என்னையும் நீ சொல்லுவியேன்னு, கமுக்கமா இருந்துட்டேன். அவளை வித்துட்டேன்யா. ஓடுகாலின்னு நினைச்சு வித்துட்டேன்!"

ஹார்லனுக்கு இருமல் வந்தது. அந்த இருமல் நெடுநேரம் நீடித்தது.

அடுத்த ஞாயிறு, சூப் வருவதற்கு முன்பே அவர் கூடத்தில் எழுந்து நின்றார். தட்டில் நாக்கு இல்லை. பேச்சிலும் பழைய மிடுக்கு இல்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு லோரீனைப் பத்தி ஒண்ணு சொன்னேன். அது தப்பு. அவ சொன்ன சொல்லு சுத்தம். வெளுத்துப்போனது என் புத்திதான்." கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்னு நான் சொன்னதை நம்பி ஜோடி சேர்த்து, வரிக்குட்டியா வந்து, வெளியே சொல்லாம இருக்கறவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க."

இக்னாசியோ முதலில் தூக்கினார். கூடம் கொஞ்சநேரம் ரொட்டிக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மூலையில் ஒரு கை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கரண்டியோடு ஒரு கை. கடைசியாக, கூரையைப் பார்த்தபடி, டயர்க்கடை வெண்டலின் கை.

லோரீன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் இதே வரிக்குட்டிகளை வைத்துக்கொண்டு முழித்தவர்கள். கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. நாசமாய்ப் போகிறவர்கள்!

"சரி," என்றாள். "பாம்பு மேல சந்தேகப்பட்டும், அதை விக்காம வெச்சிருக்கறவங்க மட்டும் கையைக் கீழே போடுங்க."

ஒரு கையும் இறங்கவில்லை.