ஒரு தோட்டத்துக்கு ஒரே விலாசம்

பயந்துவிடாதீர்கள், இந்தக் கதையில் யாருக்கும் கெடுதல் வரவில்லை. ஆனால் அன்று மத்தியானம் கண்டி ஆராய்ச்சி நிலையத்தின் மாடியில் உட்கார்ந்திருந்த சர்மிளாவுக்கு அது தெரியாதே!

சீனி, பிரஷர் போன்ற நாட்பட்ட நோய்களை ஆராய இங்கேயே ஆட்களைப் பழக்கவேண்டும் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் அந்த நிலையமும் சேர்ந்து நடத்தும் பயிற்சியில் அவள் இருந்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வீடு வீடாகப் போய், இரத்தம் எடுத்து, விவரம் கேட்டு எழுதுவதுதான் அவளுடைய முதல் வேலை. எழுதி அனுப்பினாள். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. எல்லோருக்கும் ஒரே விலாசமாம். வயதானவர்களில் பாதிப்பேர் ஜனவரி முதலாந் திகதி பிறந்திருக்கிறார்களாம். போகாமலே எழுதியது போலத் தெரிகிறது, இன்றே விளக்கம் வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சியிலிருந்து விலக்கிவிடுவோம் என்று இருந்தது.

"ஒன்ட முகத்தப் பாத்தா நீயே நோயாளி மாதிரி ஈக்கிறாய்," என்றாள் கூடப் படிக்கும் அக்குறணைக்கார நுஹா. "நூறு பேர்ட கதையச் சொந்தமா எழுத ஏலுமெண்டா நீ நாவல் எழுதி ஈப்பாய். ஊசியத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவியா?"

சர்மிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பொறுப்பாளரின் அறைக்குள் போனாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்த பொறுப்பாளர் சத்தியபாமா, ஒரு கதிரையை அவள் பக்கம் இழுத்துவிட்டார். "பிள்ளை, என்னட்டை மறைக்காதையும். நீர் வீடு வீடாப் போனனீரோ?"

"போனேன் மேடம். வேணும்னா அட்டை கடிச்ச காலைக் காட்டுறேன்."

"அப்ப சனத்துக்கு வேற வேற விலாசம் இருக்கவேணுமெல்லே?"

அதற்குள் கணினித் திரையில் வெளிநாட்டுப் பேராசிரியை எலின் வந்துவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. கேள்வி மட்டும் அதேதான்.

சர்மிளா ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அறைக்கென்று தனி விலாசம் கிடையாது. எல்லோருடைய தபாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். வயதானவர்கள் பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. அடையாள அட்டை எடுக்கும்போது யாரோ போட்டுவிட்ட திகதி அது.

"அதுதான் என்னுடைய விலாசமும்," என்றாள் கடைசியாக. "அம்மா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார்."

எலின் எதையோ திறந்து பார்த்தார். "உங்கள் விண்ணப்பத்தில் குண்டசாலை என்று இருக்கிறதே?"

சத்தியபாமாவும் திரும்பிப் பார்த்தார். சர்மிளா மறைக்காமல் சொன்னாள்.

"மாமி வீடு. முன்பு ஒரு வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்தது. அது தோட்டத்து ஆபீசிலேயே கிடந்து, பரீட்சை முடிந்த பிறகுதான் என் கைக்குக் கிடைத்தது. அதன்பிறகு அந்த விலாசத்தை நான் எங்கும் கொடுப்பதில்லை."

எலின், சர்மிளா அனுப்பிய பட்டியலைத் திறந்தார். "இதிலிருந்து நான் ஓர் இலக்கம் சொல்கிறேன். அந்த ஆளை இப்போதே அழையுங்கள்."

தொலைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டாள். அந்த இலக்கத்துக்குரிய இரத்தினம்மாவின் குரல் அறையை நிறைத்தது.

"யாரு? நம்ம அழகம்மா மகளா? ஏன் கண்ணு, வெறும் வயித்தோட இருக்கச்சொல்லி ரத்தத்த எடுத்துக்கிட்டுப் போனியே, ரிசல்ட் எங்க? அட்டைகூட உறிஞ்சிட்டு அங்கேயே விழுந்து கிடக்கும். நீ ஓடியே போயிட்ட!"

சத்தியபாமா சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்ல, எலினும் சிரித்துவிட்டார். சர்மிளா மட்டும் சிரிக்கவில்லை. பயிற்சியின் விதிப்படி எல்லோருடைய முடிவுகளும் கண்டியிலிருந்து எப்போதோ தபாலில் போய்விட்டன. அவளுடைய கடிதம் கிடந்த அதே ஆபீசுக்கு!

"மன்னியுங்கள்," என்றாள் எலினிடம். "விலாசம் பொய்யில்லை. ஆனால் கடிதம் போய்ச் சேராது என்று எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?"

"அந்த விதியை எழுதியவள் நான்," என்றார் எலின். "தபால் வீட்டு வாசலுக்கு வரும் என்றே நினைத்திருந்தேன். எழுதியது பொய் என்றால் நீங்கள் இதைச் சொல்லியே இருக்கமாட்டீர்கள். பயிற்சி தொடரட்டும். முடிவுகளை எப்படிக் கொடுப்பது என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள், நாங்கள் பழகிக்கொள்கிறோம்."

சர்மிளா தொலைபேசியைக் கையில் எடுத்தாள். ஒருவருடைய இரத்தத்தின் விஷயம் ஊருக்குக் கேட்கக் கூடாது என்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, இரத்தினம்மாவின் முடிவைத் தேடி எடுத்து, தணிந்த குரலில் சொன்னாள். ஆனால் இரத்தினம்மாவுக்கு ஸ்பீக்கர் எதற்கு?

"ஒண்ணுமே இல்லையா? அடி மாரியம்மா! ரிசல்ட் வரலைன்னதும் சீனி வந்துருச்சுன்னே நெனச்சு, இத்தன நாளா சீனி போடாம வெறும் சாயத்தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கேனே! இரு இரு, அடுப்புல தண்ணி வைக்கிறேன்."

கதவு மெல்லத் திறந்தது. நுஹா தலையை நீட்டினாள்.

"என்னடி, அழுறியா, சிரிக்கிறியா?"

"ரெண்டுந்தான். சனிக்கிழமை பஸ்ஸுக்கு வந்துரு. எல்லாருக்கும் ரிசல்ட்டைக் கையில கொண்டுபோய்க் குடுக்கப் போறோம்."

"வாறன், வாறன். அட்டைக்கு உப்பு நான் கொண்டு வாறன்."