செல்வத்தின் நிழல் ஊர் வந்த விதம்

2016ஆம் ஆண்டு ராஜஸ்தானில் இறந்த செல்வத்தின் உடல் கொல்லிமலையில் எடப்புளி நாட்டிலுள்ள அவன் ஊருக்கு வந்து சேர்ந்தது. நிழல் வரவில்லை. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போது சாயங்கால வெயில் நன்றாக இருந்தது. தூக்கியவர்களின் நிழல்கள் வாசலில் நீளமாக விழுந்தன. நடுவில், செல்வத்தின் நிழல் விழவேண்டிய இடத்தில், வெயில் மட்டும் இருந்தது. அவன் அம்மா இருசாயிதான் அதை முதலில் பார்த்தாள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இருட்டுவதற்குள் காரியம் முடிய வேண்டியிருந்ததால் அப்படியே அடக்கம் செய்தார்கள். "பாதிப் பிள்ளையத்தான் பொதச்சிருக்கோம்" என்று இருசாயி சொன்னாள். மிச்சத்தைக் கொண்டுவந்து சேர்க்காமல் தனக்குச் சாவு வரக்கூடாது என்றும் சொன்னாள்.

செல்வம் போர்வெல் போடும் ரிக் லாரியில் வேலை பார்த்தவன். மிளகு விலை இறங்கும் வருடங்களில் மலையிலிருந்து சிலர் அடிவாரத்து ஆட்களோடு சேர்ந்து வடக்கே போவார்கள். ஜெய்சல்மேர் பக்கத்தில், பாலைவனத் தேசியப் பூங்காவின் வேலியை ஒட்டிய நிலத்தில், ரிக்கின் இரும்புக் கம்பத்தை நிமிர்த்தும்போது அது மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. கூட வேலை செய்த தனபால் சில மாதங்கள் கழித்து அங்கிருந்து போன் செய்தான். செல்வத்தின் நிழல் அந்த இடத்திலேயே நிற்பதாகச் சொன்னான். காலையில் மேற்கே நீள்கிறது, சாயங்காலம் கிழக்கே நீள்கிறது, உச்சிப்பொழுதில் சுருண்டுகொள்கிறது. ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் மரம் இல்லாததால் ஆடுகள் அதில் வந்து படுக்கின்றன. இதையெல்லாம் அவன் டீசல் விலை சொல்வதுபோலச் சொன்னான்.

அடுத்த மே மாதம் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் செல்வத்தின் அப்பா வேலப்பனும் இருசாயியும் பேரப்பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அருளுக்குப் பத்து வயது. யமுனாவுக்கு இரண்டு. செல்வத்தின் மனைவி கோகிலா வரவில்லை. "செத்தவனப் பாக்க டிக்கெட் எடுத்துப் போற குடும்பம் இது ஒண்ணாத்தான் இருக்கும்" என்றாள். "எனக்கு மொகம் வேணும் அத்தை. நெழல வெச்சு நான் என்ன பண்ண?" ஆனாலும் விடிவதற்கு முன் எழுந்து நால்வருக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் யமுனா மூன்று முறை வாந்தி எடுத்தாள். சேலத்தில் ரயில் ஏறி இரண்டு இடங்களில் மாறினார்கள். கொண்டுபோன பலாப்பழத்தின் வாசனை தாங்காமல் எதிர் இருக்கைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு ஆளுக்கு நான்கு சுளை கேட்டு வாங்கினார்கள்.

நிழல் தனபால் சொன்னபடியே நின்றது. இருசாயி பார்த்த உடனே, "கூப்பிடறான் பாருங்க" என்றாள். வேலப்பன் நிழலை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, இளைத்துப் போயிருக்கிறான் என்றார். யமுனா தத்தித் தத்தி நடந்துபோய் நிழலின் நெஞ்சில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டாள். அங்கே மணல் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. அவள் அப்பாவின் மேல் தூங்கியது அதுதான் அவளுக்கு நினைவில் இருந்த முதல் தடவை.

இப்படி மே மாதம் தோறும் போனார்கள். கொரோனா வந்த இரண்டு வருடங்கள் மட்டும் போகவில்லை. பிள்ளைகளுக்கு இந்தப் பயணம் விடுமுறைக் கொண்டாட்டம்தான். பூங்காவுக்குள் ஜீப்பில் போனார்கள், ஒட்டக வண்டியில் போனார்கள். வேலப்பனுக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. அவர் ஒட்டகத்திடம், "ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்பார். அது மெதுவாகப் போகும். "எங்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படி மருவாதியாப் பேசியிருக்கீங்களா?" என்று இருசாயி கேட்டாள். "நீ சொன்னாக் கேக்க மாட்டே. அது கேக்குது" என்றார் வேலப்பன். பிள்ளைகள் வண்டியில் புரண்டு சிரித்தார்கள். சின்கார மான்களைப் பார்த்தார்கள். ஒருமுறை தூரத்தில் கானமயில் ஒன்றைப் பார்த்தார்கள். அந்தப் பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது, அதனால்தான் மின்கம்பிகளில் மோதிச் சாகிறது என்று வனக்காவலர் சொன்னதைத் தனபால் தமிழில் சொன்னான். அன்று திரும்பும் வழியில் இருசாயி மேலே போன கம்பிகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நிழலைக் கொண்டுவர அவர்கள் செய்யாதது இல்லை. ஒரு வருடம் செல்வத்தின் கல்யாண வேட்டியை மணலில் விரித்து, நிழல் அதன்மேல் முழுதாக விழும்வரை காத்திருந்து சுருட்டினார்கள். ஊரில் பிரித்தபோது மணல் மட்டும் இருந்தது. இன்னொரு வருடம் அந்த மண்ணையே சாக்கில் அள்ளிவந்தார்கள். அதைக் கொட்டிய இடத்தில் நின்ற மிளகுக்கொடி காய்ந்துபோனது. இருசாயி நிழலிடம் பேசியும் பார்த்தாள். "அப்பன் ஆயி வந்திருக்கோம், புள்ளைங்க வந்திருக்குது, எந்திரிச்சு வா சாமி" என்று ஒரு பகல் முழுக்கக் கூப்பிட்டாள். நிழல் வெயிலுக்குத் தக்கபடி திரும்பியது. அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. யமுனா பள்ளியில் அப்பா படம் வரையச் சொன்னால் கறுப்பு கிரேயான் மட்டும் எடுப்பாள். மற்ற பிள்ளைகளின் அப்பாக்களுக்கு நிறம் இருப்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

2023 ஏப்ரலில் தனபால் மீண்டும் போன் செய்தான். அந்த நிலத்தைச் சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று எடுத்துவிட்டது. ஜூனுக்குள் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பலகை போட்டு மூடிவிடுவார்கள். வெளியாட்களுக்கு அனுமதி இருக்காது. இருசாயி அதைக் கேட்டுவிட்டு, மாவு சலித்துக்கொண்டிருந்த சல்லடையைக் கீழே வைத்தாள். இந்த முறை விட்டால் மண் தெரியாது, மண் இல்லாமல் நிழல் எதில் விழும் என்று கேட்டாள்.

அந்த மே மாதம் போனபோது அருளுக்குப் பதினாறு. மீசை அரும்பியிருந்தது. செல்வத்தின் உயரம் அப்படியே வந்திருந்தது. கம்பெனிப் பலகைகளுக்கான இரும்புக் கால்கள் நிழலுக்கு மிக அருகில் வரை ஊன்றப்பட்டிருந்தன. சாயங்காலம் வரை எல்லா வழியும் பார்த்துவிட்டு இருசாயி மணலில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அருள் போய் நிழலின் பாதங்கள் இருந்த இடத்தில் தன் பாதங்களை வைத்தான். அவன் நிழல் அப்பாவின் நிழலோடு தலை முதல் கால் வரை பொருந்தியது. கை மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் தூக்கினான். முழங்கையை நீட்டினான், மணிக்கட்டை நிமிர்த்தினான், விரல்களை அகல விரித்தான். ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்த அவன் முகம் மாறியது.

"அப்பத்தா, இது கூப்பிடற கை இல்ல."

"பின்னே?"

"வராதேங்கறாரு. கிட்ட வராதேன்னு சொல்றாரு."

"பெத்தவளப் பாத்து எவனாச்சும் அப்படிச் சொல்லுவானாடா?" என்றாள் இருசாயி.

அருளின் உள்ளங்கை தனபால் நின்ற பக்கம் திரும்பியிருந்தது. தனபால் தன்னையறியாமல் இரண்டு அடி பின்னால் போனான். கம்பம் மின்கம்பியில் பட்ட அன்றும் அந்தக் கையைப் பார்த்து அவன் அப்படித்தான் பின்னால் போயிருந்தான். அவன் உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம். வேலப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இத்தனை வருடமும் மகன் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குத்தான் அவர்கள் பலாப்பழத்தோடு வந்துபோயிருக்கிறார்கள்.

அருள் கையை இறக்கிவிட்டு நடந்து வந்தான். அவன் காலோடு ஒட்டிய நிழல் கையை இறக்கவில்லை. இருசாயி அதைப் பார்த்ததும் மணலில் விழுந்து கும்பிட்டாள். "வந்துட்டான், என்ற சாமி வந்துட்டான்" என்று அழுதாள். ஜீப்பில் ஏறும்போது யமுனாதான் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, உன்ற நெழலு அங்கயே நிக்குது" என்றாள்.

பழைய இடத்தில் இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி ஒரு நிழல் நின்றது. சட்டைக் காலர் காற்றில் ஆடுவது தெரிந்தது. எல்லாரும் இறங்கி ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் சூரியன் இறங்கிவிட்டது. அதன் பிறகு அங்கே யாருக்கும் நிழல் இல்லை. மறுநாள் காலை வந்தபோது வேலி போட்டிருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் இருசாயி அருளைச் செல்வத்தின் சமாதிக்குக் கூட்டிப்போனாள். நிழல் மேட்டின்மேல் விழும்படி நிற்கவைத்து, பொழுது சாயும்வரை காத்திருந்தாள். அது மண்ணுக்குள் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மே மாத உச்சிப்பொழுதில் கொல்லிமலையில் எல்லார் நிழலும் தெற்கே விழும். அருளுடையது மட்டும் பாலைவனத்தில் விழுந்ததுபோல இன்றும் வடக்கே விழுகிறது. இரண்டு கைகளாலும் மரவள்ளிக் கட்டைப் பிடித்துச் சுமந்து வந்தாலும் நிழலுக்கு மூன்றாவதாக ஒரு கை மேலே நிற்கும். சாயங்காலம் அவன் வாசலுக்கு வந்தால் அந்தக் கை வீட்டுக்குள் நீண்டு அடுப்படிச் சுவரில் ஏறும். கோகிலா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிழங்கு உரிப்பாள். மகனை உள்ளே வா என்று கூப்பிடுவதற்கு இருட்டும்வரை காத்திருப்பாள். ஊரார் அவனோடு நின்று பேசும்போது ஓர் எட்டு தள்ளி நின்றார்கள். அது இப்போது பழக்கமாகிவிட்டது.

தனபால் அந்தக் கம்பெனியிலேயே வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டான். ஒரு வரிசையில் ஒரு பலகை மட்டும் சரியாக மின்சாரம் தருவதில்லை என்றான். துடைத்துப் பார்த்தார்கள், மாற்றிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அதன்மேல் ஒரு பையன் நிற்பதுபோல இருக்கும் என்றான்.

ஒவ்வொரு மே மாதமும் விடுமுறை விட்ட மறுநாள் இருசாயி பை கட்டுகிறாள். பேரனின் நிழலைக் கூட்டிவர வேண்டும். பலாப்பழத்தை வேலப்பன் தூக்கிக்கொள்கிறார், யமுனா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்கிறாள். அருளையும் அழைத்துக்கொண்டு நால்வரும் காலை பஸ்ஸுக்கு ரோட்டுக்கு வருகிறார்கள். அவன் நிழல் ரோட்டின் குறுக்கே கையைத் தூக்கியபடி விழுகிறது. பஸ் நிற்கிறது. இருசாயி ஏறாமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். முதல் வருடம் டிரைவர், "ஏறுங்கம்மா" என்று இரண்டு முறை கூப்பிட்டார். இப்போது கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டு பஸ்ஸை எடுத்துவிடுகிறார்.