ஆளில்லாத வால்யூம்

விடியும்போதே விரல்கள் மரத்துப்போயிருந்தன. சர்வர் அறையின் குளிர்காற்று முகத்திலேயே ஊத, விசிறிகளின் இரைச்சல் காதைத் துளைக்க, நானும் கேபிளும் பழுதான வட்டுகளை உருவிவிட்டுப் புதியவற்றைச் செருகிக்கொண்டிருந்தோம். ஒல்லியாய், நெட்டையாய் இருப்பதால் அவன் கேபிள். கம்பளிச் சட்டை கேட்டதற்கு, "ஏசி மெஷினுக்குத்தான், உங்களுக்கில்ல" என்றார் முதலாளி. நல்ல மனுஷன்!

ஒரே இரும்புப் பெட்டிக்குள் மென்பொருளால் பல சர்வர்களைக் குடிவைப்பது எங்கள் தொழில். ஒவ்வொன்றுக்கும் வெட்டிக்கொடுக்கும் சேமிப்பிடத்துக்கு வால்யூம் என்று பெயர். முதலாளி இருக்கிற இடத்தைவிட அதிகமாக விற்றுவிட்டார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிரப்பமாட்டார்கள் என்ற தைரியம். நிரப்பினார்கள். இடம் தீர்ந்தால் அத்தனை சர்வரும் நின்றுபோகும். ஆகவே ஆளில்லாத வால்யூம்களைத் தேடித்தேடி அழிப்பதே பிழைப்பாகிவிட்டது.

முன்பு இரண்டு பேராக அழிப்போம். ஒருவர் வால்யூமின் பெயரைச் சத்தமாகச் சொல்வார். மற்றவர் தன் திரையில், ஓடுவதோ நிறுத்திவைத்ததோ, எந்தச் சர்வராவது அதைப் பயன்படுத்துகிறதா என்று பார்த்து, "யாருமில்ல" என்பார். பிறகே விசையைத் தட்டுவோம். ஆட்குறைப்புக்குப் பின் அந்த வேலைக்கு ஒற்றை ஆள்தான்.

அன்று அதில் எங்களுக்கெல்லாம் மூத்தவளான அக்கா தனியாக இருந்தாள். பழக்கதோஷம், பெயரைச் சத்தமாகச் சொன்னாள். பதிலையும் தானே சொல்லிக்கொண்டு தட்டிவிட்டாள். அது ஒரு மருத்துவமனையின் வால்யூம். பழுதுபார்க்க அவர்கள் சர்வரை நிறுத்திவைத்திருந்ததால் ஆளில்லாததுபோல் தெரிந்திருக்கிறது. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் போயே போய்விட்டன. நகல்? இடத்தை மிச்சம்பிடிக்க அதை எடுக்கவேண்டாமென்று முதலாளி எப்போதோ சொல்லியாகிவிட்டது.

அவள் அலறல் கேட்டு நாங்கள் ஓடிவந்தபோது அக்காவின் கை விசைப்பலகை மேலேயே இருந்தது. "எத்தன பேரு உயிரு தம்பி அது..." என்றாள்.

முதலாளி போனும் கையுமாக வந்தார். "ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிடுவாங்க. என் கவனக்குறைவுன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடு."

"அப்படிச் சொன்னா அப்புறம் இந்தத் தொழில்ல எவன் சார் என்னைச் சேத்துப்பான்? வீட்ல நான் ஒருத்திதானே சம்பாதிக்கிறேன்."

"அழிக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"யோசிக்க ரெண்டாவது ஆள் வேணும் சார். அந்த ஆளத்தான் நீங்க தூக்கிட்டீங்களே" என்றான் கேபிள்.

"வாய மூடுறா. உன் வேலைக்கு வெளிய கூட்டமா நிக்கிறாங்க."

போன் அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர். ஸ்பீக்கரில் போட்டு அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்... என்னோட..." என்று தொடங்கினாள் அக்கா.

வாயைத் திறந்தால் என் வேலையும் போகும். ஆனாலும் குறுக்கே புகுந்தேன். "டாக்டர், நானும் இங்கதான் வேலை பாக்குறேன். ரெண்டு பேர் செய்யவேண்டியத ஒருத்தர் தலையில கட்டிட்டாங்க. நகல் எடுக்கவேணாம்னு சொன்னதும் முதலாளிதான். அந்த நாற்காலியில இருந்திருந்தா நானும் அழிச்சிருப்பேன்."

"நானும்தான்" என்றான் கேபிள்.

மறுமுனையில் டாக்டர் கேட்டார்: "அப்ப படங்க திரும்ப வராதா?"

"வராது டாக்டர்." அக்கா உடைந்து அழுதாள். "பொய் சொல்லமாட்டேன். வராது."

முதலாளி போனைத் துண்டித்தார். "மூணு பேரும் வெளிய போங்க!"

திரையில் எச்சரிக்கை சிவந்தது. இடம் மறுபடி நிரம்பிக்கொண்டிருந்தது. அவர் முகம் வெளிறியது. "மொதல்ல ஆளில்லாத வால்யூமெல்லாம் அழிச்சிட்டுப் போங்கடா!"

"ரெண்டு ரெண்டு பேரா உக்காந்தாத்தான் அழிப்போம். அக்காவும் இங்கதான் இருப்பாங்க" என்றேன்.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். அடுத்த ஷிப்டு ஆட்கள் எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார்கள். "நீ வாம்மா, வந்து அழி" என்று ஒருத்தியைக் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். பையைக் கீழே வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்து அக்காவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே மற்றவர்களும் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.