இரண்டு சிவப்புப் பூ

கடையில் தேங்காய் வாங்கினால் ஆட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, வீட்டில் உடைக்கும்வரை கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வருகிற மனிதர் உருத்திரமூர்த்தி. வேலையால் ஓய்வுபெற்றபின் சுவிஸின் வில் என்ற நகரத்துச் சுடுகழகத்தில் சேர்ந்து, கழகத்தின் இரவல் பிஸ்ரலால் குறி அட்டையைத் துளைத்துக்கொண்டிருந்தார். இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும். சுவிஸ் இராணுவம் முன்னொரு காலத்தில் வைத்திருந்த பரபெல்லம் பிஸ்ரல்தான் வேண்டும். சுவிஸ் குடியுரிமையின் சிவப்புக் கடவுச்சீட்டு கையில் இருந்தது. பொலிஸ் அனுமதியும் வந்துவிட்டது.

கழகத்துக் கிழவன் புரூனோ தன் சேகரிப்பைக் குறைத்துக்கொண்டிருந்தான். மேசைமேல் இரண்டு பரபெல்லத்தை வைத்தான். ஒன்று புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. மற்றதன் வாய்ப்பக்கம் தோலுறையில் உரசி உரசி வெளிறிப்போயிருந்தது.

"வெளிறினதை எடு," என்றான் புரூனோ ஜேர்மனில். "மினுங்கிறதை ஆரோ பிறகு தேய்ச்சு நிறம் ஏத்தியிருக்கிறாங்கள். சிலுவை முத்திரையைப் பார், விளிம்பு கரைஞ்சு கிடக்கு. குழலுக்குள்ள துருக்குழி. வெளிறினது ஒரு துண்டும் மாத்தாதது, எல்லாத்திலயும் ஒரே இலக்கம். வைச்சிருக்கவும் நல்லது, சுடவும் நல்லது."

உருத்திரமூர்த்தி இரண்டு குழலையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சொன்னது அச்சொட்டாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. தன் சாமானைத் தானே பழிக்கிற வியாபாரியை எந்த ஊரில் கண்டது?

"சனிக்கிழமை சூக் நகரத்தில இருந்து ஒருத்தன் இதைப் பார்க்க வாறான்," என்றான் புரூனோ.

எல்லா வியாபாரிக்கும் இப்படி ஒருத்தன் வந்துகொண்டுதான் இருப்பான் என்று நினைத்தபடி அவர் வெறுங்கையோடு வந்துவிட்டார்.

"வாங்கேல்லையோ?" மனைவி புனிதவதியின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"வெள்ளைக்காரன் வலு நல்லவனாக் கதைக்கிறான். அதுதான் யோசினை."

"அப்ப பூக்கட்டிப் பாப்பம். சாமியில எண்டாலும் நம்பிக்கை இருக்கோ?"

"சாமி பொய் சொல்லாது. கட்டு. வெள்ளை வந்தால் வெளிறினதை வாங்குவன். சிவப்பு வந்தால் ஒண்டும் வேண்டாம்."

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் வெற்றிலையில் மடித்த இரண்டு பொட்டலங்களை வைத்தாள். உருத்திரமூர்த்தி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். சிவப்புச் செவ்வந்தி.

"பாத்தீங்களே? முடிஞ்சுது கதை," என்று புனிதவதி மற்றப் பொட்டலத்துக்குக் கை நீட்டினாள். கொஞ்சம் கெதியாக நீட்டிவிட்டாள். உருத்திரமூர்த்தி முந்திக்கொண்டு அதைப் பிரித்தார்.

அதுவும் சிவப்பு.

"அடி கள்ளி! பிள்ளையாரையும் கூட்டுச் சேர்த்தோ ஏமாத்திறாய்?"

"ஓம், ரெண்டும் சிவப்புத்தான். ஊரில துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்? இப்ப அதையே காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டுவரப் போறீங்கள். பிள்ளையாருக்கு விளங்கும். உங்களுக்குத்தான் விளங்காது."

உருத்திரமூர்த்தி இரண்டு பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாற்பது வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டவள் ஏமாற்றிப்போட்டாள். இந்தக் கிழமை முழுக்க உண்மை சொன்ன ஒரே ஆள் அந்தப் புரூனோதான்.

மறுநாள் காலை அவன் வீட்டு வாசலில் மணியடித்தார். சூக் இலக்கத்தகட்டோடு ஒரு கார் அப்போதுதான் வந்து நின்றது. உண்மையாகவே ஒருத்தன் இருந்திருக்கிறான்.

"வெளிறினதைத் தா."

"முடிவெடுத்தாச்சோ?" என்றான் புரூனோ.

"வீட்டில விசாரிச்சனான். உன்னில பிழையில்லை."

புரூனோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே போய் வெளிறினதை எடுத்துவந்தான்.

அன்று பின்னேரம் இரும்புப் பெட்டிக்குள் பிஸ்ரல் போனது. புனிதவதி பக்கத்தில் நின்று கை நீட்டினாள்.

"சாவி என்னட்ட இருக்கட்டும். சுடப் போகேக்க கேட்டு வாங்குங்கோ."

நியாயந்தான் என்று பட்டது. பெட்டியைப் பூட்டி, கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பார்த்து, இன்னொருதரமும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"இனிமேல் பூக்கட்டிறதெண்டால்," என்றார், "நான்தான் கட்டுவன்."