இறுக்கித் தைத்த காசுகள்

எனக்குத் தையல் கடை. நான் தைத்த பட்டன் கழன்றுவிட்டது என்று இதுவரை ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

என் தங்கைக்குப் பகலில் மருந்துக் கடையில் வேலை, சாயங்காலம் பெல்லி டான்ஸ். "இவ ஊரே பார்க்க வயித்தைக் குலுக்குவாளாம், நான் முன்வரிசையில உட்கார்ந்து கை தட்டணுமாம்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, ஒரு தடவைகூடப் போகாமல் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்தத் தடவை சிரிக்கவில்லை. வயிற்றில் கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷன். தசையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும், நடக்கலாம், வேலைக்குப் போகலாம், ஆட்டத்தை மட்டும் மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கடைசியா ஒரு தடவை ஆடப்போறேன்க்கா. நீ கண்டிப்பா வரணும். இந்த பெல்ட்டையும் கொஞ்சம் பிடிச்சுக் குடு, இடுப்புல நிக்கவே மாட்டேங்குது."

சிவப்புத் துணியில் வரிசை வரிசையாகப் பித்தளைக் காசுகள் வைத்த பெல்ட். டேப் வைத்து அளந்தபோதுதான் அவள் எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று தெரிந்தது. அவள் தலை மறைந்ததும் மெஷின்மேல் கவிழ்ந்து அழுதேன்.

பெல்ட்டைப் பிடித்துத் தைத்ததோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு காசும் மேல்முனையில் மட்டும் நூல் கோத்து, தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. எந்தப் புண்ணியவான் தைத்தானோ என்று திட்டிக்கொண்டே, காசுகளின் கீழ்ப்பக்கத்தையும் நூலால் வளைத்துப் பிடித்து, துணியோடு அசையாமல் இறுக்கினேன். நடு மேடையில் ஒன்று கழன்று விழுந்து நான் வளர்த்த பிள்ளை அவமானப்படக் கூடாதே.

ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் பெல்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்; அவசரமாகக் கட்டிக்கொண்டு ஓடினாள். சின்ன அரங்கம்தான், ஆனால் நிறைந்திருந்தது. அவள் மேடைக்கு வந்ததும் வெட்கத்தில் நான் குனிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த மருந்துக் கடைக்காரம்மா முழங்கையால் இடித்தார். "இங்க வந்து தரையையா பார்க்குறது?"

பார்த்தேன். நான் நினைத்த குலுக்கல் இல்லை அது. தோள் அசையவில்லை, வயிறு மட்டும் மேலிருந்து கீழே மெல்லச் சுருண்டு இறங்கியது. அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் நான் சோறு ஊட்டி நிரப்பிய வயிறு. அதற்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இதன்மேல்தான் கத்தி வைக்கப்போகிறார்கள்.

சட்டென்று பாட்டு நின்றது.

"இப்ப பாருங்க" என்று கடைக்காரம்மா என் காதருகே சொன்னார். "மியூசிக்கே கிடையாது. இடுப்பை ஆட்டி அந்தக் காசு சத்தத்துலயே தாளம் போடுவா. இதுக்குத்தான் எல்லாரும் வர்றது."

எனக்கு உயிரே போய்விட்டது.

அவள் இடுப்பை வெட்டினாள். சத்தம் இல்லை. இன்னும் வேகமாக வெட்டினாள். ஒரு காசும் அசையவில்லை. அவள் கை பெல்ட்டைத் தடவிப் பார்த்தது, கண் கூட்டத்தில் தேடி என்மேல் வந்து நின்றது. பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள், ஒருவன் சிரித்தான். அவள் நிறுத்தவில்லை. முழுத் தாளத்தையும் ஊமையாகவே ஆடி முடித்தாள். அவள் மூச்சு வாங்குவது முன்வரிசைவரை கேட்டது. மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஓடினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னை நாலு அறை அறைடி. கழண்டு விழுந்துடுமேன்னு தைச்சுத் தொலைச்சேன். தொங்கினாத்தான் சத்தம் வரும்னு எனக்கு யாருடி சொன்னா?"

"நான்தான் சொல்லியிருக்கணும்" என்றாள். "நீ எனக்குத் தெரியாம ஒரு தடவையாவது வந்து பார்த்திருப்பேன்னு நெனச்சுட்டேன்."

மேஜையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தேன். "இப்பவே பிரிச்சுடறேன். எனக்காக இங்கயே ஒரு தடவை ஆடு."

"முடியலக்கா. வலிக்குது."

அவள் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்க்கத் தாங்காமல், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலேயே சொன்னேன். "அழாதடி. அடுத்த தடவை லூசா தைச்சுத் தரேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அவள் பெல்ட்டை அவிழ்த்து, மடித்து, என் கையில் வைத்தாள்.

"சரிக்கா" என்றாள்.