ஹோய்ட் லெட்பெட்டரின் நாக்கு

எங்கள் கவுண்டிக் கண்காட்சியில் பிஸ்கட் போட்டிக்கு ஹோய்ட் லெட்பெட்டர்தான் நடுவர். பதினான்கு வருடமாக அவர்தான். மற்ற நாட்களில் தீவனக் கடை நடத்துகிறவர், பேச்சு குறைவு. பிஸ்கட் என்றால் பாக்கெட்டில் வரும் மொறுமொறு சமாச்சாரம் அல்ல. மாவில் பன்றிக்கொழுப்பை விரல்நுனியால் உதிர்த்து, மோர் விட்டுப் பிசைந்து, வட்டமாக வெட்டிச் சுட்டெடுப்பது. உள்ளே பஞ்சாக இருக்கும். டென்னசி மலைப்பக்கத்தில் அது இல்லாமல் யாருக்கும் பொழுது விடிவதில்லை.

நான் கண்காட்சிக் கமிட்டியின் செயலாளர்.

வெர்டெல் ஸ்டாம்ப்ஸ் என்னோடு பள்ளியில் படித்தவள். இப்போது அதே பள்ளியின் பேருந்தை ஓட்டுகிறாள். ஏழு வருடம் போட்டிக்கு வந்தாள். ஏழு வருடமும் மூன்றாம் இடம். போன செப்டம்பரில் எட்டாவது முறை. அன்று காலை மாவில் ஆப்பசோடா போட்ட கையோடு அவள் தங்கை போன் செய்தாள். தங்கையின் பூனை கூரையைவிட்டு இறங்க மறுத்த விவரம் இருபது நிமிடம் ஓடியது. பேசிவிட்டு வந்த வெர்டெல், சோடா போடவில்லை என்று நினைத்து மறுபடி போட்டாள். பிஸ்கட்டுகள் என்றைக்கும் இல்லாத உயரத்துக்கு எழும்பின. அந்தச் சந்தோஷத்தில் ருசி பார்க்கத் தோன்றவில்லை.

ஹோய்ட் பதினொரு தட்டுகளையும் வழக்கம்போலச் சோதித்தார். தூக்கிப் பார்த்தார். காதருகே வைத்துப் பிளந்தார். ஒரு வாய் தின்று கண்ணை மூடினார். கடைசியில் முதல் பரிசான நீல ரிப்பனை வெர்டெலின் தட்டில் வைத்தார்.

பரிசு வாங்கிய பிஸ்கட்டில் ஆளுக்கொரு துண்டு சாப்பிடுவது வழக்கம். சாப்பிட்டோம். துணி சோப்பைக் கடித்தது போல இருந்தது. பாதிரியார் "அடேயப்பா!" என்றார், அதில் பொய் இல்லை. அதற்கு முந்தின இரண்டு வருடமும் முதல் பரிசு வாங்கிய ஐமா ஜீன் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"புதுசா என்னமோ சேத்திருக்கே போல, வெர்டெல்?"

"ஒண்ணும் சேக்கல. எப்பவும் போலத்தான்."

"எப்பவும் இப்படித்தானா? பாவம்டி, உன் வீட்டுக்காரரு."

வெர்டெல் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். பிறகு ரிப்பனைப் பையில் திணித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு பேருந்தைத் தீவனக் கடை வாசலில் நிறுத்தினாள். கோழித்தீவனம் வாங்கப் போயிருந்த நான் உள்ளே இருந்தேன்.

"மிஸ்டர் ஹோய்ட், என் பிஸ்கட்ட நீங்க தின்னீங்களா?"

"தின்னேனே, மிஸ் வெர்டெல்."

"முழுங்கினீங்களா?"

"ஆமா."

"அது சோப்பு மாதிரி இருந்துச்சு. எதுக்கு ரிப்பன் குடுத்தீங்க?"

ஹோய்ட் தராசுத் தட்டைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"மூணு வருஷம் முந்தி ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுலேருந்து வாசமும் தெரியல, ருசியும் தெரியல. காப்பி குடிச்சா வெந்நிதான்."

"அப்ப எத வச்சு பரிசு குடுத்தீங்க?"

"உசரத்த வச்சு. பொளக்கற சத்தத்தையும் கொஞ்சம் பாப்பேன்."

வெர்டெல் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "அதுக்கு முன்னாடி நாக்கு நல்லாத்தானே இருந்துச்சு? அப்பவும் எனக்கு மூணாவதுதானே?"

ஹோய்ட் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். மூன்று வருடமாகச் சொன்ன ஒன்றைத் தவிர.

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

"அத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"நீங்க கேக்கலையே, மேடம்."

அவள் ரிப்பனை எடுத்து மேசைமேல் போட்டாள். "முடியலன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

"வீட்டுல நான் ஒருத்தன்தான்," என்றார் ஹோய்ட். "வருஷத்துல ஒரு நாள் பதினோரு பேரு எனக்குன்னு சுட்டுக் கொண்டாராங்க. அத விட மனசு வரல."

நான் ஒரு மூட்டைமேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். ஈரம் படாமல் வைக்கவும்.

அந்த வாரமே கமிட்டிக்கு அவருடைய ராஜினாமா வந்தது. காரணம்: கண் பார்வை மங்கல். பிஸ்கட் தின்ன நாக்கு போதும், கண் எதற்கு என்று சொல்லி கமிட்டி ஏகமனதாக மறுத்தது. உண்மை தெரிந்த நானும் கை தூக்கினேன். கூட்டத்துக்கு வந்திருந்த ஹோய்ட் எழுந்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நாக்குதான் போச்சு. மூணு வருஷமாச்சு."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஐமா ஜீன் கேட்டாள்: "அப்ப என் ரெண்டு ரிப்பனு?"

"நல்ல உசரம், மிஸ் ஐமா ஜீன்."

அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். கைப்பையை மறந்துவிட்டதால் திரும்பி வந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி அறைந்து சாத்தினாள். ராஜினாமா ஏற்கப்பட்டது.

வெளியே வெர்டெல் அவரை மறித்தாள். "சனிக்கிழம காலைல வீட்டுக்கு வாங்க. ருசி தெரியலன்னா போகுது. சூடு தெரியுமில்ல?"

"தெரியும்."

போனார். வெண்ணெய் தடவி நாலு பிஸ்கட் தின்றார். வெர்டெலின் கணவனும் பேசாத ஆள். இரண்டு ஆண்களும் ஒன்பது மணிவரை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அதைவிடச் சலிப்பான காலைச் சாப்பாட்டைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்கிறாள் வெர்டெல். வாராவாரம் சனிக்கிழமை விடியுமுன்னே அவருக்காக வாசல் விளக்கைப் போட்டு வைக்கிறாள்.